மூன்று மீட்டர் காலி இடம்

ஜனவரி 4

பூலாங்கரைப் பேரூராட்சிக்கு இளநிலைப் பொறியாளராக வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. ஈரோட்டுப் பக்கம் மாறுதல் கேட்டு மனு போட்டு ஒன்றேகால் மாதம் ஆகிறது.

இன்று வந்த கோப்பு: சமுதாய விளையாட்டு வசதி மானியம். குடிமக்கள் உடலை அசைப்பதே இல்லை என்று அரசு கண்டுபிடித்துப் பணம் ஒதுக்கியிருக்கிறது. எங்கள் பங்குக்கு ஒரு கைப்பந்து ஆடுகளம். கான்கிரீட் தளம், அதைச் சுற்றி மழைநீர் வடிகால், அதையும் சுற்றி மதில், ஒரு வாசல். தேர்தல் அறிவிப்பு வருவதற்குள் திறந்தாக வேண்டும் என்பதால் கோப்பின் மேல் சிவப்பு மையில் ‘மிக அவசரம்’. மழையில் உடைந்த குடிநீர்க் குழாயின் கோப்பில் வெறும் ‘அவசரம்’தான்.

செயல் அலுவலர் ஆவுடையப்பன் சாரிடம், இந்த ஊரில் யாருங்க கைப்பந்து ஆடுறாங்க என்று கேட்டேன்.

“பொம்பளப் பிள்ளைய ஆடுதாவ. பீடி சுத்துத பிள்ளைய. குளத்துக்குள்ள.”

“குளத்துக்குள்ளயா?”

“தண்ணி இல்லாதப்பதான். தண்ணி வந்தா ஆட்டம் லீவு.”

ஜனவரி 7

போய்ப் பார்த்தேன். குளத்தில் முக்கால்வாசி தண்ணீர். மிச்சமிருந்த சேற்றில் இரண்டு மூங்கில் நட்டு, மீன்வலை கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பெண்கள். சுடிதார் மேல் அண்ணன்மாரின் பழைய சட்டை.

அதில் ஒருத்தி, தரையோடு போன பந்தைச் சேற்றில் பாய்ந்து எடுத்தாள். எழுந்து முகத்தைக்கூடத் துடைக்கவில்லை, அடுத்த பந்துக்குத் தயார். பெயர் முப்பிடாதி. அணித்தலைவி. பக்கத்தில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள் சகாயமேரி. இவளுக்குக் கையைவிட வாய் வேகம்.

“சார் கான்ட்ராக்டரா?”

“இல்லீங்க. எஞ்சினியருங்க.”

“ஏட்டி, ‘இல்லீங்க’ங்காரு. பொண்ணு பாக்க வந்தவுக மாதிரில்லா பேசுதாரு.”

நான் எங்கள் ஈரோட்டுத் தமிழில்தான் பேசுவேன். அதில் திட்டினால்கூட இவர்களுக்கு உபசாரம் போலத்தான் கேட்கிறது. தொழிலுக்கு இடைஞ்சல்.

முப்பிடாதி மட்டும் விஷயத்துக்கு வந்தாள். மாவட்ட மகளிர் போட்டி வருடாவருடம் மார்ச்சில், அறுபது கிலோமீட்டர் தள்ளி மாவட்டத் தலைநகரில். ஆட்டம் முடிய இரவு பதினொன்று ஆகும். வீடுகளில் விடமாட்டார்கள். போன வருடம் ஐந்து பேர்தான் போய்ச் சேர்ந்தார்கள். ஆறு பேர் இல்லாததால் ஆடாமலே தோல்வி.

“நம்ம ஊர்லயே போட்டி நடந்தா எந்த வீட்டுல தடுப்பாவ? அளவு சரியா ஒரு கிரவுண்டு இருந்தா இங்கயே வைக்கேன்னு விளையாட்டு ஆபீசர் சொல்லிருக்காரு. ஸ்டேட் கேம்ப்புக்கு ஆள் எடுக்கதும் அங்கவச்சுதான். இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணும் சார். அடுத்த வருசம் எனக்குத் தாண்டிரும்.”

ஆடுகளம் பதினெட்டுக்கு ஒன்பது, நாலு பக்கமும் மூன்று மீட்டர் காலி இடம், வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாது என்றேன்.

“வரைபடத்துல பிசகாதுல்லா,” என்றாள் சகாயமேரி.

ஜனவரி 19

கான்கிரீட் போட்டாயிற்று. ஒரு பகுதியில் தடிமன் அரை அங்குலம் குறைவு. உடைத்து மறுபடி போட வைத்தேன். “இதுல என்ன ஏரோப்பிளேனா எறங்கப் போகுது?” என்று கேட்ட ஒப்பந்தக்காரர், இப்போது என்னைக் கண்டால் வணக்கம் சொல்வதில்லை. நேரம் மிச்சம்.

ஜனவரி 24

தளத்தில் தண்ணீர் கட்டியிருக்கிறேன். ஈரம் காயாமல் இருக்கிறதா என்று பார்க்க மாலையில் போனேன். நேற்றும் போனேன். ஈரம் முக்கியம்.

பிப்ரவரி 2

திறப்பு விழா. வலைக்கான கம்பம் இன்னும் வரவில்லை. கோடு போடவில்லை. வடிகாலுக்கு மூடி போடும் செலவை மேலே வெட்டிவிட்டார்கள், அது திறந்தே கிடக்கிறது. ஆனால் கல்வெட்டு வந்துவிட்டது.

காலையில் போய்ப் பார்த்தால் தளத்தின் மேலேயே செங்கல் பீடம் கட்டி, நாலடிக்கு மூன்றடி கறுப்புக் கல்லை நிறுத்தியிருக்கிறார்கள். வடக்குப் பக்கம், பின்கோடு வர வேண்டிய இடத்திலிருந்து சரியாக ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர். நான் மூன்று மீட்டர் காலியாக விட்ட இடத்தின் நடுவில். ஏன் தளத்துக்கு வெளியே வைக்கவில்லை என்றேன். “வெளிய வாறுகால்லா கெடக்கு, பீடம் நிக்காது,” என்றார் ஒப்பந்தக்காரர். வடிகாலுக்கு இந்த ஊர்ப் பெயர் வாறுகால்.

கல்லின் தடிமன் மூன்று அங்குலம். இந்த வேலை முழுவதிலும் மதிப்பீட்டுக்கு மேல் தடிமன் இருக்கும் ஒரே பொருள் இதுதான். பதினேழு பெயர்கள். முதலில் அமைச்சர், மூன்றாவது பேரூராட்சித் தலைவர் கோமதிநாயகம். பந்து, வலை, கைப்பந்து என்ற சொற்கள் எங்கும் இல்லை.

அமைச்சர் வந்தார், திரையை இழுத்தார், கல்லைப் பார்த்தார், போனார். மொத்தம் ஆறு நிமிடம். தளத்தில் கால் வைக்கவே இல்லை.

பிப்ரவரி 3

தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. எதையும் கேட்பார். கேட்டுக்கொண்டு இருப்பார்.

“ஐயா, அந்தக் கல்லு இருக்கிற இடம் ஓடி விழுகிற இடமுங்க. பின்னால பாய்ஞ்சா மண்டைல அடிக்கும். நகர்த்தணும்.”

“பாயாம ஆடச் சொல்லுங்க தம்பி.”

“அது ஆட்டமே இல்லீங்க.”

“மந்திரி தெறந்து வச்ச கல்லு. நாளு நட்சத்திரம் பாத்து வச்சது. நகத்துனா என் அரசியலையே நகத்துனாப்ல ஆயிரும். நீங்க வெளியூரு, உங்களுக்குத் தெரியாது.”

கல்லை நகர்த்த அரசாணை வேண்டுமாம். வைக்க ஒரு கொத்தனார் போதும்.

பிப்ரவரி 9

கம்பம் வந்தது. கோடு அடித்தேன். முதல் ஆட்டம். வடக்குப் பக்கம் நிற்பவர்கள் பந்து பின்னால் போனால் விட்டுவிட வேண்டும் என்று சொல்லி வைத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பந்து பின்னால் போனதும் எல்லோரும் ஓடினார்கள்.

பிப்ரவரி 14

சகாயமேரி கல்லில் மோதிவிட்டாள்.

பந்தையே பார்த்துப் பின்னால் ஓடி வந்தாள். நான் கத்தினேன். கத்தியது அவள் காதில் விழுவதற்குள் பீடத்தில் கால் தட்டி, கல்லின் விளிம்பில் வலது மணிக்கட்டு. சத்தம் கேட்டது. அதை எழுத வேண்டாம்.

அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டு. ஆறு வாரம். பீடிக்கு இரண்டு கையும் வேண்டும். அவள் வீட்டில் மூன்று பேர் அவள் சுற்றும் பீடியில் சாப்பிடுகிறார்கள்.

“யாரு பேருல சார் மோதுனேன்?” என்று கேட்டாள், கட்டுப் போடும்போதே.

“துணைத் தலைவரு.”

“அவருக்கா ஓட்டுப் போட்டேன்? சை.”

திரும்பும்போது முப்பிடாதி, “நம்ம குளமே தேவல சார்,” என்றாள். என் வரைபடத்தைப் பற்றி இதுவரை வந்த விமர்சனங்களில் இதுதான் நியாயமானது.

பிப்ரவரி 15

ஆவுடையப்பன் சார் பதறிப்போய்க் கேட்ட முதல் கேள்வி: “கல்லுக்கு ஒண்ணும் ஆகலையே?”

பிப்ரவரி 18

விளையாட்டு அலுவலர் அளக்க வந்தார். டேப்பை முதலில் நீட்டியதே கல்வெட்டுப் பக்கம்தான். கண் உள்ளவர்.

“எல்லாம் சுத்தமா இருக்கு. இந்த ஒண்ணுதான். தடை இருந்தா இங்க போட்டி நடத்த முடியாது.”

“சுத்தி ஃபோம் மெத்தை கட்டிட்டா?”

“மெத்தை கட்டுன கல்லும் கல்லுதான் தம்பி.”

மார்ச் ஐந்துக்குள் சரிசெய்யாவிட்டால் போட்டி வழக்கம்போல் மாவட்டத் தலைநகரில். அதாவது எங்கள் அணி வழக்கம்போல் வீட்டில். ‘எங்கள்’ என்று எழுதிவிட்டேன். பேனாவில் எழுதியதால் அழிக்கவில்லை.

பிப்ரவரி 21

கோட்டையே தெற்கே தள்ளினால்? கணக்குப் போட்டேன். கல்லிலிருந்து மூன்று மீட்டர் விட்டால் தெற்கே ஒரு மீட்டர் பத்துதான் மிஞ்சுகிறது. வடிகாலைப் பாதியாக்கி, மதிலை உடைத்து, சாலையில் ஒரு மீட்டர் எடுத்தால் சரியாக வரும். மதிலில் யார் பெயரும் இல்லை, அதனால் உடைக்கலாம். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. அங்கே கேட்டேன். சிரித்தார்கள்.

ஒரு கல்லை நகர்த்தாமல் இருப்பதற்காக ஓர் ஊரை நகர்த்தப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 24

மாறுதல் பிரிவிலிருந்து போன் வந்தது. நினைவூட்டல் மனுவில் கையெழுத்திட்டு அனுப்பச் சொன்னார்கள். பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டேன். சகாயமேரிக்குப் பதிலாகப் பந்து தூக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பயிற்சிக்குத்தான். எனக்கு ஆட்டத்தில் ஆர்வம் கிடையாது. விரல் வீங்கியிருக்கிறது.

பிப்ரவரி 27

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். நடத்தை விதி உடனே அமலுக்கு வருகிறது. மாலைக்குள் சுற்றறிக்கை: அரசியல் பிரமுகர்களின் பெயரோ படமோ உள்ள கல்வெட்டுகள் அனைத்தும் பொதுமக்கள் பார்வையில் படாதவாறு முழுமையாக மறைக்கப்பட வேண்டும். பொறுப்பு: பொறியியல் பிரிவு. பொறியியல் பிரிவு என்பது நான்.

“ரெண்டு முழம் வெள்ளத் துணி எடுத்துச் சுத்திருங்க,” என்றார் ஆவுடையப்பன் சார்.

“துணிதான்னு சுற்றறிக்கையில இருக்குங்களா?”

“இல்ல. ஆனா வழக்கம் அதான்.”

“காத்துல பறந்துட்டா?”

“பறந்தா நம்ம தலதான் உருளும்.”

“அப்ப பறக்காத மாதிரி மறைச்சிடறேனுங்க.”

அவர் வாக்காளர் பட்டியலைப் பார்க்கத் தொடங்கினார். இருபத்தெட்டு வருட சர்வீஸ். எப்போது எதைப் பார்க்கக் கூடாது என்று தெரிந்தவர்.

பிப்ரவரி 28

காலையிலேயே ஒரு கொத்தனாரோடு போனேன். பீடத்தை உடைக்க அரை மணி. கல்லை நாலு பேர் பிடித்து இறக்கினோம். இறக்கிய பிறகுதான் கேள்வி: எங்கே வைப்பது? அலுவலகக் கிடங்கில் வைத்தால் யாராவது பார்ப்பார்கள். பொதுமக்கள் பார்வை என்றால் அலுவலக ஊழியரும் பொதுமக்கள்தானே. விதியை விதியாகத்தான் பார்க்க வேண்டும்.

முப்பிடாதி கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

“நல்ல கனமான கல்லு சார். வாசல்ல வாறுகாலு மூடி இல்லாம வாயைப் பொளந்து கெடக்கு. பந்து விழுது, ஆளு விழுது.”

சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். கொத்தனார் பீடியைக் கீழே போட்டார்.

வடிகாலின் அகலம் இரண்டேகால் அடி. கல்லின் அகலம் மூன்று. இரு பக்கமும் நாலரை அங்குலம் தாங்கும். மூன்று அங்குலத் தடிமனுக்கு டிராக்டரே ஏறலாம். பொருளை வீணாக்குவது என் படிப்புக்கு விரோதம்.

எழுத்துப் பக்கம் கீழே. கலவை வைத்துப் பூசியாயிற்று. கல்வெட்டு முழுமையாக மறைந்துவிட்டது. பெரும் திருப்தி. விதியைக் கடைப்பிடித்த திருப்திதான்.

“மொத ஆளா நான்தான் மிதிப்பேன்,” என்று கட்டுக் கையோடு வந்து சகாயமேரி ஏறி நின்றாள். கலவை காயட்டும் என்று இறக்கிவிட வேண்டியிருந்தது.

மார்ச் 3

தேர்தல் பறக்கும் படை வந்து படம் எடுத்தது. கல் நின்றபோது எடுத்த திறப்பு விழாப் படத்தோடு ஒப்பிட்டது. பக்கத்துப் பேரூராட்சிகளில் துணி காற்றில் பறந்து பாதிப் பெயர் தெரிகிறதாம். எங்கள் ஊரில் நூறு சதவீதம் மறைப்பு. பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது. என் பணிக்காலத்தின் முதல் பாராட்டு, ஒரு வேலையைக் காணாமல் ஆக்கியதற்கு.

மார்ச் 5

விளையாட்டு அலுவலர் டேப்பை நீட்டினார். நாலு பக்கமும் மூன்று மீட்டர். “கல்லு எங்க?” என்றார். “தேர்தல் விதிங்க,” என்றேன். “ஜனநாயகம் நல்லதுதான்,” என்று கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 15

இரண்டு நாள் போட்டி முடிந்தது. அரசியல் பிரமுகர்கள் மேடை ஏறக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கொடுத்திருந்தார்கள். அதனால் மேடையே போடவில்லை. பொன்னாடை இல்லை, உரை இல்லை. ஆட்டம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது. ஊர்க்காரர்களுக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது, ஏதோ தப்பு நடக்கிறது என்று.

எங்கள் அணியில் பதினோரு பேரும் வந்தார்கள். அவர்கள் வீட்டு ஆட்களும் வந்தார்கள். பீடிக் கடைக்காரர்கூட வந்தார். சகாயமேரி ஓரத்தில் உட்கார்ந்து எதிரணியை வாயால் ஆடினாள். “ஏ மஞ்சச் சட்டை, அது பந்துட்டி, பச்சப் பிள்ள இல்ல, அடி.” நடுவர் இரண்டு முறை எச்சரித்தார்.

இறுதி ஆட்டம் மாவட்டத் தலைநகர் அணியோடு. இரண்டு செட்டிலும் தோற்றோம். இரண்டாவது செட்டில் ஒரு பந்து. வடக்குப் பக்கம், பின்கோட்டைத் தாண்டி இரண்டு மீட்டருக்கு மேல் போய்விட்டது. முப்பிடாதி பார்க்காமல் பின்னால் ஓடி, கல் நின்ற அதே இடத்தில் நெஞ்சோடு பாய்ந்து, ஒற்றைக் கையால் எடுத்து வலைக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டாள். தரையில் கிடந்தபடியே அந்தப் புள்ளி கிடைத்ததைப் பார்த்தாள். தேர்வாளர்கள் இருவரும் எழுந்து நின்றார்கள்.

நான் எழுந்ததாகச் சகாயமேரி சொல்கிறாள். காலில் எறும்பு கடித்தது.

ஸ்டேட் கேம்ப்புக்கு இந்த மாவட்டத்திலிருந்து இருவர். ஒருத்தி முப்பிடாதி. கேம்ப் ஜூன் கடைசியில். அதுவரை தினமும் பயிற்சி வேண்டும் என்றார்கள். கிரவுண்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றாள்.

ஏப்ரல் 11

வாக்குச்சாவடி வேலை. சாய்தளம், பந்தல், குடிநீர். மூன்று கிலோ இளைத்திருக்கிறேன். அரசின் உடற்பயிற்சித் திட்டம் ஒருவரிடமாவது பலித்தது.

மே 6

நடத்தை விதி விலக்கப்பட்டது. அமைச்சர் ஜெயித்துவிட்டார். புதிய சுற்றறிக்கை: மறைக்கப்பட்ட கல்வெட்டுகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து அறிக்கை அனுப்பவும்.

பழைய நிலை என்றால் ஒரு மீட்டர் பத்து.

மே 7

தலைவர் நாளை நேரில் வருகிறாராம். அதே இடத்தில் பீடம் கட்டச் சொல்லிச் செங்கல் இறக்கிவிட்டார்கள். முப்பிடாதி செங்கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பந்தை எடுத்துக்கொண்டு தளத்துக்குப் போய்விட்டாள். ஏதாவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

மே 8

மாலை ஐந்தரைக்குத் தலைவர் வந்தார். பின்னால் ஆவுடையப்பன் சார். பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வாசலைத் தாண்டி வந்து நின்றார்.

“எங்க தம்பி கல்லு? கிடங்குல இல்லைங்காரு ஆவுடையப்பன்.”

“பாதுகாப்பா இருக்குங்க.”

“அதான், எங்க?”

ஆட்டம் நின்றுவிட்டது. பன்னிரண்டு பேரும் அவர் காலையே பார்த்தார்கள்.

“என்னட்டி பாக்கிய? காலுல பாம்பா கெடக்கு?”

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. “நீங்க நிக்கிறீங்களே, அதாங்க.”

குனிந்து பார்த்தார். “இது வாறுகால் மூடில்லா?”

“அடிப்பக்கம் பேரு இருக்குங்க. உங்களுது மூணாவது வரி.”

குதிப்பார் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. ஒரு காலை மெதுவாக எடுத்தார். இன்னொரு கால் அதே கல்லில் இருப்பது தெரிந்து அதையும் எடுத்தார். ஆவுடையப்பன் சார் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஃபைனல் அன்னைக்கு நான் இங்கனதான நின்னேன்?”

“ஆமாங்க. ரெண்டு செட்டும்.”

“மந்திரி ஓட்டுக் கேட்டு வந்தப்ப…”

“இந்த வாசல் வழியாத்தாங்க வந்தாரு. கொஞ்ச நேரம் நின்னு பேசிட்டுத்தான் போனாரு.”

“அவரு பேரு?”

“மொத வரிங்க.”

தலைவர் இறக்கி வைத்திருந்த செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். முகம் வியர்த்திருந்தது.

“எடுத்துக் கழுவி நிறுத்திரலாம்யா,” என்றார் ஆவுடையப்பன் சார், ஈனக்குரலில்.

“எடுக்கத எத்தன பேரு பாப்பான்? எங்கன கெடந்துச்சுன்னு கேப்பான்லா? மந்திரி காதுக்குப் போக எம்புட்டு நேரமாகும்? புது எஞ்சினியரு பண்ணுனாருன்னு சொன்னா நம்புவாரா? நான்தான் சாக்கடையில போட்டு மிதிக்க வச்சேம்பாரு.” என்னைப் பார்த்தார். “உம்ம நான் நல்ல மனுசன்னு நெனச்சேன் தம்பி.”

“விதியைத்தாங்க கடைப்பிடிச்சேன். பாராட்டுக் கடிதம்கூட இருக்குங்க.”

“இப்ப யாருக்கெல்லாம் தெரியும்?”

முப்பிடாதி பந்தை இடுப்பில் இடுக்கியபடி முன்னால் வந்தாள்.

“எங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி. வெளிய சொல்ல மாட்டோம்.” பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். “கல்லு அங்கனயே இருந்தா.”

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“ஏ பிள்ள, நீ பீடி சுத்துதியா, கட்சி நடத்துதியா?”

“பீடிதான் அண்ணாச்சி. ஜூன் வரைக்கும்.”

அவர் எழுந்து வேட்டியைத் தட்டினார். செங்கல்லைக் குடிநீர்த் தொட்டி வேலைக்கு எடுத்துப் போகச் சொன்னார். வெளியே போகும்போது கல்லை மிதிக்காமல் தாண்டப் பார்த்தார், வேட்டி இடம் கொடுக்கவில்லை. மிதித்துதான் போனார்.

ஆவுடையப்பன் சார் மட்டும் நின்றார். “நெலமை அறிக்கைன்னு ஒண்ணு கேட்ருக்காவளே, என்னத்தய்யா எழுத? வெயில்ல வெடிச்சுப் போச்சுன்னு எழுதிருவமா?”

பொய் எழுத வராது என்றேன். அங்கேயே, கம்பத்தில் தாளை வைத்து எழுதிக் கொடுத்தேன்:

‘மேற்படி கல்வெட்டு நல்ல நிலையில், பொதுமக்களின் அன்றாடப் பயன்பாட்டில் உள்ளது.’

இரண்டு முறை படித்தார். பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டார்.